கையெழுத்துப் போட்டது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்கள் ஒப்பந்தம் போட்டுத் தங்கள் பூர்வீக நிலத்தை அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பிதழ்க் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. ஒப்பந்தம் இருந்தது, சரி. கையெழுத்துப் போட்டது யார்?

1835 டிசம்பரில் நியூ எக்கோட்டாவில் கையெழுத்திட்டது மேஜர் ரிட்ஜ் என்ற செரோக்கிப் பிரமுகரைச் சேர்ந்த ஒரு சிறு குழு. செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் அதை ஏற்கவே இல்லை. எதிர்த்து 15,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது. அப்படியும் 1836-ல் செனட் ஒப்புதல் தந்தது. ஒரே ஒரு ஓட்டு மாறி விழுந்திருந்தால், ஒப்புதலுக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு தேறியிருக்காது.

இதற்கு முன்பே ஜார்ஜியா மாநிலம் அவர்கள் நிலத்தைத் துண்டு போட்டு, குலுக்கல் நடத்தி வெள்ளையருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. தங்கம் கிடைத்த மண் ஆயிற்றே! 1835-ல் ராஸ் வாஷிங்டனிலிருந்து ஊர் திரும்பியபோது, குலுக்கலில் வென்ற யாரோ அவர் வீட்டில் குடியேறியிருந்தார். இத்தனைக்கும் ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1832-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்?

1838-ல் ராணுவம் குடும்பங்களை வீட்டிலிருந்து இழுத்து வந்து முகாம்களில் அடைத்தது. அப்புறம் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்ட சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதை ஒப்படைப்பு என்று எழுத எப்படி மனம் வந்தது? ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

- வாசகர் ஒருவர், தஞ்சாவூர்