கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் ஏதாவது ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று செய்தி வருகிறது. விசாரிக்கப் போனால் ஊராட்சிப் பதிவேட்டில் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டதாகவே எழுதியிருக்கும். பல ஊர்களில் அது உண்மையும்கூட. பவுடர் மேல்நிலைத் தொட்டிக்குள் போயிருக்கிறது, ஆனால் கடைக்கோடித் தெருக் குழாயில் குளோரின் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, மக்கள் பிடிக்கும் குழாயிலேயே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் யாரும் அளப்பதில்லை என்பதுதான் எங்கள் கவலை.

30,000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற வழக்கமான கணக்கில் 120 கிராம் பவுடர் வேண்டும். நல்ல பவுடரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின். ஆக 40 கிராம், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். தொட்டியிலும் பைப்பிலும் உள்ள அழுக்கு கொஞ்சத்தைத் தின்றாலும் கடைசி வீட்டுக்கு மிஞ்சும். ஆனால் வாய் கட்டாத மூட்டையில் ஈரக்காற்று புகுந்து பவுடரின் வீரியம் பாதியாகிவிட்டால், அதே 120 கிராமைப் போட்டாலும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்கூடத் தேறாது. பழைய பைப் உள்ள ஊரில் அது நடுத்தெருவிலேயே தீர்ந்துவிடும். கட்டிதட்டிப்போன, வாடை போன பவுடரை எவ்வளவு கொட்டினாலும் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது போலத்தான். மூட்டையைப் பிரித்ததும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிவிட வேண்டும். மோட்டார் அறையில் வைக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் வாயு ஸ்டார்ட்டரின் உள்பாகங்களை அரித்துவிடும்.

அளவும் பெரும்பாலும் கைப்பிடிக் கணக்குதான். மளிகைக்கடைத் தராசில் 120 கிராமை ஒருமுறை நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் குவளையில் கோடு போட்டுக்கொண்டால் பிறகு தராசு தேவையில்லை. அதைப் பிளாஸ்டிக் வாளியில் (தகர வாளி அரித்துப்போகும்) கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போனால் வண்டலாகத்தான் சேரும். தொட்டி பாதி நிறைந்து, தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போது ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். தொட்டி நிறைந்த பிறகு அரை மணி நேரமாவது கழித்துத்தான் ஊருக்கு வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாவதற்கு அந்த அவகாசம் தேவை.

நடப்பது வேறு. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் ஓடுகிறது. ஒரு பக்கம் தொட்டி ஏறும்போதே மறுபக்கம் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. முதல் தெருவில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, கடைசித் தெருவுக்கு ஒன்றும் போவதில்லை. முதல் தெருக்காரர்கள் சண்டை போட்டால் அடுத்த நாள் பவுடர் குறைகிறது. இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று உண்டு. தொட்டி ஒரு நாளில் இரண்டு முறை நிறைகிறது, பவுடரோ காலையில் ஒருமுறைதான். மாலையில் தண்ணீர் பிடிக்கும் தெருவுக்குக் கிடைப்பது வெறும் போர் தண்ணீர். நாளுக்கு ஒருமுறை என்றில்லாமல் ஒவ்வொரு நிரப்புக்கும் போட வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வரும் ஊர்களிலோ, குடிநீர் வாரியமே குளோரின் கலந்துதானே அனுப்புகிறது என்று விட்டுவிடுகிறார்கள். பல கிலோமீட்டர் பைப்பில் வந்து தரைமட்டத் தொட்டியில் தேங்கிய பிறகு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு அல்லவா அப்படிச் சொல்ல வேண்டும்?

குழாய்க் குழிகளையும் கவனிக்க வேண்டும். அழுத்தம் போதாத தெருக்களில் பள்ளம் தோண்டி, தரைக்குக் கீழே குழாய் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் பிரச்சினை தெரியாது. வால்வை மூடியதும் பைப் காலியாகி வெளியிலிருந்து உறிஞ்சும், குழியில் நிற்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். பைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுக்கும் வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் வேண்டும் என்பது இதற்காகவும்தான். நேற்று வரை இருந்த குளோரின் இன்று ஒரு தெருவில் மட்டும் திடீரென்று காணாமல் போனால், அந்தத் தெருவில் பைப் உடைந்து கழிவுநீர் கலக்கிறதா என்று அன்றே தோண்டிப் பார்க்க வேண்டும். காய்ச்சல் முகாம் போடும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அளப்பது கடினமே அல்ல. குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியின் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, வரும் மஞ்சள் நிறத்தை உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேரம் கழித்துப் பார்த்தால், அழுக்கோடு கலந்து வீரியம் குறைந்துபோன குளோரினும் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டும். அந்த மருந்தான ஆர்த்தோடோலிடின் உடம்புக்கு ஆகாதது, சோதித்த தண்ணீரைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றிவிடக் கூடாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரை இதைவிட நல்லது. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: குளோரின் கிருமிக்கு மட்டுமே மருந்து. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடுக்கும், உரம் இறங்கிய கிணற்று நைட்ரேட்டுக்கும் அது பயன்படாது, தண்ணீரைக் காய்ச்சினாலும் அவை போகாது. அவை இருக்கின்றனவா என்று தனியாகப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. கடைசித் தெருவில் வசிக்கும் ஒருவரிடமே இந்தக் கருவியைக் கொடுத்து, தண்ணீர் வரும் நேரத்தில் அளந்து எழுதச் சொல்லலாம். தேதி, நேரம், தெரு, அளவு என்று நான்கு கட்டம் போதும். தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதுவதுபோல இந்த அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதட்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இல் நடக்கும் கிராம சபையில் ஆண்டுக் கணக்கையும் வைக்கட்டும். இதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். கருவி பல ஊராட்சிகளில் ஏற்கெனவே இருக்கிறது, மருந்து தீர்ந்தோ காலாவதியாகியோ பீரோவில் கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் வாங்கும் ஒவ்வொரு பில்லிலும் அந்த மருந்தையும் சேர்த்து வாங்க ஊரக வளர்ச்சித் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிராமக் குடிநீர்ப் பணியில் உள்ள வாசகர்கள்