மூன்றாம் நம்பர் டிரைவர்

அன்புள்ள செந்திலுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை 180க்கு இறங்கியிருக்கிறது.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. மூன்று வாரமாகப் போன் இல்லை, படம் மட்டும் வருகிறது. பரவாயில்லை. 1966 டாட்ஜ்! அமெரிக்காவில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாரனில் 1938இல் டாட்ஜ் டிரக் செய்யத் தொடங்கிய ஆலை இருக்கிறது என்றாயே, உன் வண்டியும் அங்கே பிறந்ததாகத்தான் இருக்கும். பம்பாயில் பிரீமியர் கம்பெனி போட்ட ஃபார்கோ லாரியும் இதற்குப் பங்காளிதான். அதை நான் எத்தனை பிரித்திருப்பேன்! நாமக்கல் ஸ்டாண்டில் படத்தைக் காட்டாத ஆள் இல்லை. ஸ்பானரைத் தொடாதவன் இப்போது தொடுகிறான் என்றேன்.

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கதவுக் கொண்டி விழுகிற தகட்டில் மேல் ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போயிருக்கிறது. இரண்டாம் நம்பர் ஸ்டார் டிரைவரைப் போட்டிருக்கிறாய். அதற்கு மூன்றாம் நம்பர் வேண்டும். முதலில் அந்தக் குழியை ஆணி முனையால் சுரண்டிப் பெயின்டும் துருவும் எடு. வால்வு கிரைண்டிங் பேஸ்ட் துளி டிரைவர் முனையில் தடவினால் வழுக்காது. பிறகு இம்பாக்ட் டிரைவரை, அதாவது பின்னால் அடித்தால் முனை திரும்புகிற டிரைவரை, வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அடிக்கிற அதிர்ச்சியில்தான் துரு விடும், திருப்புகிற பலத்தில் இல்லை. முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றுகிற பக்கம்.

அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்களாமே. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், மரைக்குள் ஊதி இறுகிக்கொள்ளும். நாங்கள் டீசல் ஊற்றினோம், உனக்கு நல்ல ஆயில் கிடைக்கும். இன்று ராத்திரி விடு, நாளை ராத்திரி விடு, மூன்றாம் நாள் கை வை. இடையில் போய் "வருமா" என்று திருகிப் பார்க்காதே. சூடு வைப்பதானால் போல்ட்டுக்கு இல்லை, சுற்றி இருக்கிற நட்டுக்கு. சுட்டபின் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பெட்ரோல் டேங்க் பக்கம் நெருப்பே வேண்டாம். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினை ஓட்டாதே. இதைப் போனமுறையும் சொன்னேன். ராத்திரி தனியாக ஷெட்டில் உட்கார்ந்து வேலை செய்யாதே. ஓட்டாதே என்றால் ஓட்டாதே.

இடது பக்க வீல் நட்டைக் கழற்றுமுன் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற தலையில்லாத போல்ட், அதன் முனையைப் பார். "எல்" என்று அடித்திருந்தால் எதிர் மரை, வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டுத்தான் பல பேர் முறிக்கிறார்கள்.

படத்தில் பிரியாவின் கார் நிற்கிற இடத்தில் உன் டூல்பாக்ஸ் இருந்தது. வண்டிக்கு இடம் வேண்டும் என்று காரை வெளியே விட்டிருப்பாள். சரி. உப்பில் நின்றால் அதுவும் துருப்பிடிக்கும், சொல்லி வை.

முறிந்த போல்ட்டைப் பிடித்து எடுக்கிற ஈசி அவுட் வாங்கியிருக்கிறேன் என்றாய். அது உள்ளே முறிந்தால் டிரில் இறங்காது, அவ்வளவு கடினம். முறிந்த போல்ட் கொஞ்சம் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடி, அந்தச் சூட்டிலேயே பாதி கழன்றுவிடும். அன்றைக்கு நான் அதைச் செய்திருக்கலாம்.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். தண்ணி லாரி ஃபார்கோ, பெர்கின்ஸ் என்ஜின், மேனிஃபோல்டு ஸ்டட். நீ ஒன்பதாவது. செந்தில், அதை உடைத்தது நீ இல்லை. முந்தின ராத்திரி நான்தான். விடிந்தால் வண்டிக்காரர் வருவார் என்ற அவசரத்தில் ஸ்பானரில் பைப்பைப் போட்டு ஒரே இழு, முறிந்தது. துண்டைக் கிரீஸ் தடவி இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் நீ ஸ்பானரை வைத்தாய், கையோடு வந்தது. வண்டிக்காரர் முன்னால் உன்னை அறைந்தேன். "உனக்கெல்லாம் இரும்பு ஆகாது, போய்ப் படி" என்றேன். நீ அழவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு போனாய். பிறகு பட்டறைப் பக்கமே வரவில்லை. நீ படித்து மேலே போனதும், என் ஒரு அடிதான் காரணம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நம் வீட்டு ஆண்களுக்கு இது உண்டு. வரவில்லை என்றால் பலம் போடுவது, முறிந்தால் பக்கத்தில் நிற்பவர் தலையில் கட்டுவது. சித்தப்பாவும் அப்படித்தான். கோபத்தில் இருக்கும்போது எதிலும் கை வைக்காதே கண்ணு. ஆயில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போ.

என் இம்பாக்ட் டிரைவரை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன், கனமாக இருப்பதால் கூரியரில் இரண்டாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். கேட்டால் கேட்கட்டும், அனுப்புகிறேன். அதோடு அம்மா பருப்புப் பொடி வைக்கிறாள். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அரைத்திருக்கிறாள்.

அப்பா