மற்றவர் மனதைக் கணித்து ஓட்டுப் போடுவது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலைப் பற்றிப் போன வாரம் நம் பேப்பரில் வந்த கட்டுரை, வாக்காளர் தனக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் ஜெயிக்கக்கூடியவரையே வேட்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

என் மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். குடியுரிமை கிடைத்து அவள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 2020 மார்ச் 3, ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பதினான்கு மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த செவ்வாய்க்கிழமை. பேத்திக்கு அப்போது இரண்டு வயது, காப்பகக் கட்டணத்துக்கே சம்பளத்தில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது. அந்தச் செலவின் பெரும் பங்கை அரசு ஏற்கும் என்று திட்டம் வைத்தவர், போட்டியிட்டவர்களில் ஒருவரான எலிசபெத் வாரன். மாதக்கணக்கில் போனில் அவரைப் பற்றியே பேசியவள், கடைசியில் இன்னொரு போட்டியாளரான ஜோ பைடனுக்குப் போட்டாள். ஏம்மா என்றால், "எனக்குப் பிடிச்சிருக்குப்பா, ஆனா மத்தவங்க அவங்களுக்குப் போட மாட்டாங்க" என்றாள். ஆபீஸ் தோழிகளும் இதையேதான் சொன்னார்களாம். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அடுத்தவருக்குப் பிடிக்காது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், அப்புறம் ஓட்டு எங்கிருந்து விழும்? இரண்டே நாளில் வாரன் விலகிவிட்டார்.

பைடன் ஜெயித்தாரே என்பீர்கள். ஜெயித்தார், மறுக்கவில்லை. ஆனால் இதே கணக்கைப் போட்டுத்தான் 2004-ல் ஈராக் போரை எதிர்த்த ஹோவர்ட் டீனை விட்டுவிட்டு, வியட்நாமில் பதக்கம் வாங்கிய ஜான் கெர்ரியால்தான் அப்போதைய அதிபர் புஷ்ஷை வீழ்த்த முடியும் என்று நிறுத்தினார்கள். எதிரணிக்காரர்கள் அந்த ராணுவச் சேவையையே குறிவைத்து விளம்பரம் போட்டார்கள், கெர்ரி தோற்றார். 2008-ல் கறுப்பினத்தவர் ஒருவர் அதிபராக முடியாது என்று கறுப்பின மக்களிலேயே பலர் நினைத்திருந்தார்கள். வெள்ளையர் மிகுந்த அயோவா மாநிலம் ஜனவரி 3 அன்று ஒபாமாவுக்கு வாக்களித்த பிறகுதான் அவர்களுக்கும் நம்பிக்கை வந்தது. அயோவாக்காரர்களும் ஊர் என்ன நினைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1972-ல் பிடித்தவர் என்று ஜனநாயகக் கட்சியினர் நிறுத்திய மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றதைச் சொல்லிப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. இருவரில் யார் வந்தாலும் எனக்குச் சம்மதம் என்கிற நிலையில், யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதில் தப்பில்லை. கொள்கையே வேறாக இருக்கும்போது அப்படிப் பார்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் எங்கள் கடலூர் மாநகராட்சித் தேர்தலில் எங்கள் தெரு அம்மா ஒருவர் சுயேச்சையாக நின்றார். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்து தண்ணீர் வாசற்படி ஏறினால், முழங்கால் தண்ணீரில் நின்று கடப்பாரையால் மூடிக்கல்லை நெம்பிவிடுகிறவர் அவர்தான். "நல்ல மனுஷிதான், ஆனா ஜெயிக்க மாட்டாங்க, ஓட்டு வீணாயிடும்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். நானும் அதையே பேசினேன், நானும் அவருக்குப் போடவில்லை. ஓட்டு எண்ணி முடித்த பிறகு எதிர்வீட்டுக்காரர் என்னிடம், "நீங்களாவது போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அவரும் போடவில்லை.

நம் ஊரில் வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை. விருப்ப மனு வாங்கி, நேர்காணல் வைத்து, எந்தச் சாதி, எவ்வளவு செலவு செய்வார், ஜெயிப்பாரா என்றெல்லாம் அலசித்தான் பட்டியல் வெளியாகிறது. நம் கைக்கு வருவது அந்தப் பட்டியல்தான். அமெரிக்காவில் அந்தத் தலைமையின் இடத்தில் வாக்காளரே உட்கார்ந்திருக்கிறார். வர்ஜீனியாவில் கட்சி உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத எவரோ என்ன நினைப்பாரோ என்று யோசித்து ஓட்டுப் போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

2028-ல் மறுபடியும் அதிபர் தேர்தல், அதற்கு முன்னால் பிரைமரி. மனதில் இருப்பவருக்கே போடு, நவம்பரில் யார் நின்றாலும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெரு அம்மா அடுத்த முறையும் நிற்பதாகச் சொல்கிறார். நின்றால் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுப்பது என் வேலை என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்