மதுக்கூடச் சுவரில் தோட்டத்துச் சாமான்கள்: ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைநகர் கோலாலம்பூரில் பெட்டாலிங் தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் சேர்ந்த பழைய கடைவீடுகள் சில, கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் வடிக்கும் பீர்) விற்கும் மதுக்கூடங்களாக மாறியிருப்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். அவற்றுள் ஒன்றுக்கு என் தம்பி மகன் அழைத்ததன் பேரில் சென்ற மாதம் போயிருந்தேன். அங்கு ரப்பர்த் தோட்டத்துப் பழைய சாமான்களைக் கொண்டு செய்திருந்த அலங்காரத்தைப் பற்றி, அத்தகைய கடைகளை நடத்துவோருக்கும், அவர்களுக்குப் பழைய பொருள்களை விற்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். குடிக்கலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. 21 வயது நிரம்பியவர்களுக்கே மது விற்க வேண்டும் என்ற விதி 2017 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது, அதற்கு மேல் அவரவர் விருப்பம். கடையின் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன். நான் சொல்லவிருப்பது அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காஜாங்கிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் ஏறிப் பசார் செனி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். உரிந்த சுண்ணாம்பும் பாதி இறக்கிய தகரக் கதவுமாக, கடையை மூடிவிட்டார்கள் என்றே வெளியில் நிற்பவருக்குத் தோன்றும். உள்ளே நுழைந்தால் ரசனையுள்ள யாரோ பல காலம் அலைந்து சேர்த்த சாமான்கள். தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்களின் மேல் பலகை பொருத்தி மேசையாக்கியிருக்கிறார்கள். மிதிகட்டையைக் கழற்றாமல் விட்டிருப்பதால், பேச்சு மும்முரத்தில் அதை மிதித்தபடியே இருக்கிறார்கள் குடிப்பவர்கள். பல் வைத்தியரின் பழைய நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை காத்திருக்கிறது. உத்தரத்திலிருந்து ஒரு சைக்கிள் தலைகீழாகத் தொங்குகிறது. கல்லாவுக்கு மேலே எரியும் விளக்குகளின் குடை ஒவ்வொன்றும், ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கக் கட்டும் கிண்ணமான மங்கு. களிமண்ணில் செய்து மெருகேற்றிய அந்தக் கால மங்குகளைக் கவிழ்த்து, அடியில் துளையிட்டு, மின்கம்பி கோத்திருக்கிறார்கள். ஒன்றின் விளிம்பு உடைந்திருந்ததால், அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் பிதுங்கிச் சுவரில் விழுந்தது. பால் வெட்டும் உளிகள் நான்கும், கம்பில் மாட்டித் தோளில் பால் சுமக்கும் காண்டா வாளி ஒரு சோடியும் சுவரோரம் இருந்தன. வாளிகளைச் சுமக்கும் கம்பைச் செங்குத்தாக நிறுத்தித் தொப்பி மாட்ட விட்டிருந்தார்கள். உள்வாசலுக்கு மேலே துருப்பிடித்த தகரத்தில் தமிழ் எழுத்துகளில் ஓர் அறிவிப்புப் பலகை: கள்ளுக்கடை.

இனி பீர் விஷயம். அன்று குழாயில் வரும் பீர் ஒவ்வொன்றைப் பற்றியும் கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: எந்த ஊரில் வடித்தது, எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), மதுவின் அளவு எத்தனை விழுக்காடு, கசப்பு எவ்வளவு என்பது வரை. ஒரு பீருக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்த ஹாப் பூ சேர்த்தார்களாம். அதுவும் பலகையில் இருந்தது. பரிமாறிய இளைஞரிடம் கேட்டதற்கு, ஹாப்பை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், கொதி அடங்கிய பிறகு போட்டால் மணம் தூக்கலாக நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். மரப்பலகையில் குழி தோண்டிச் சிறு கண்ணாடிக் குவளைகளைப் பொருத்தி, நாலு வகையைச் சுவை பார்க்கக் கொடுக்கிறார்கள். கசப்பு மிகுந்தவை எனக்கு ஒத்துவரவில்லை. வறுத்த பார்லி வாசத்தோடு வந்த கருப்பு ஸ்டவுட் மிக நன்றாக இருந்தது. விலை கூடுதல்தான். ஆனால் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2016 மார்ச்சில் வந்த கணக்குப்படி, ஒரு லிட்டர் தூய மதுவுக்குக் கலால் வரி 175 ரிங்கிட். 5 விழுக்காட்டு பீர் அரை லிட்டருக்கு இதுவே 4 ரிங்கிட் 37 சென் ஆகிறது. அதன் பிறகு இந்த வரி இறங்கவும் இல்லை. மதுவின் வலு ஏற ஏற வரியும் ஏறுவதால்தான் 10 விழுக்காட்டு ஸ்டவுட்டைச் சின்னக் குவளையில் ஊற்றுகிறார்கள் போலும்.

பூவின் பிறந்த ஊரைக்கூட எழுதிவைத்த அந்தக் கடையில், சுவரில் இருந்த எந்தப் பொருளுக்கும் ஒரு வரி விளக்கம் இல்லை என்பதுதான் என் குறை. விளக்கைக் காட்டி இது என்னவென்று கேட்டேன். “வின்டேஜ் (பழங்காலத்துப் பொருள்), அங்கிள்” என்றார் அந்த இளைஞர். அவர் தமிழர்தாம், பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர் என்றும் சொன்னார். ஆனாலும் மங்கை அவர் முதன்முதலாகப் பார்த்தது இந்தக் கடையில்தான். இதில் அவர் தவறு எதுவும் இல்லை.

அவருக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த விடியற்பொழுதில் என்பதால், இருட்டிலேயே வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தமக்குரிய மரவரிசையான நிரைக்குப் போவார்கள். பட்டையை மெல்லிய சீவலாக மட்டும், உள்மரத்தில் காயம் படாமல் சாய்வாகச் சீவ வேண்டும். உளியின் வளைந்த முனை அதற்காகவே அமைந்தது. ஆழம் கூடினால் மரம் கெடும், கங்காணியின் வசவும் விழும். கோட்டின் வழியே ஓடிவரும் பால், மரத்தில் செருகிய பீலியில் சொட்டி மங்கில் நிறையும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு மங்கிலும் முந்தைய நாள் ஒட்டியிருக்கும் பால் தோலை உரித்தெடுத்துத் துடைத்தாக வேண்டும், இல்லையேல் புதுப்பாலும் சீக்கிரம் கட்டிக்கொள்ளும். என் அம்மா அந்தத் தோலைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் உரித்து, சுருட்டி, இடுப்பில் கட்டிய பையில் போடுவார். அப்படி உரித்த ஒட்டுப்பாலுக்கும் எடை உண்டு, கூலி உண்டு. சில நூறு மரங்களுக்கு இதைச் செய்து முடித்து, வெயில் ஏறிய பிறகு மறுபடியும் அதே மரங்களைச் சுற்றிப் பாலைச் சேகரித்து, காண்டா வாளியில் தோளேற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டும் இல்லை, அன்றைய வரும்படியும் இல்லை. அந்த இளைஞர் குவளைகளைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் இருந்த சீன நண்பர்கள் இருவரும் எழுந்து வந்து உளிகளைப் பார்த்தார்கள்.

தலைகீழாகத் தொங்கிய சைக்கிளுக்கும் ஒரு கதை உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள், துரையையோ தோட்ட அதிகாரிகளையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது மற்றொன்று. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், ராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அங்குத் தொங்கும் சைக்கிள் தோட்டத்திலிருந்து வந்ததா என்று சொல்ல எவரும் இல்லை, வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் சைக்கிளையும் கள்ளுக்கடைப் பலகையையும் ஒரே கூரையின் கீழ் மாட்டியவருக்கு இந்தச் சேதி தெரிந்திருந்தால், அந்தச் சுவர் எவ்வளவு பேசியிருக்கும்!

அந்தப் பலகையை நாற்காலி மேல் ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். (தம்பி மகன் தலையில் அடித்துக்கொண்டான்.) துரு என்று நான் நினைத்தது பழுப்புச் சாயம். தகரத்தின் ஓரம் புதிதாக வெட்டியதுபோல் மின்னியது; பின்புறம் ஒரு புள்ளித் துரு கிடையாது. ஆக, கல்லாவுக்கு மேலே உண்மையான மங்குகள், வாசலுக்கு மேலே பழையது போல வேடமிட்ட புதுப் பலகை. அழகுக்காகப் புதிதாகச் செய்து மாட்டுவதில் குற்றமில்லை. எது உழைத்த பொருள், எது நடித்த பொருள் என்று வருகிறவருக்குத் தெரியாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

திரும்பும்போது தம்பி மகன் வாதாடினான். “பெரியப்பா, இவர்கள் வாங்கி மாட்டாவிட்டால் இதெல்லாம் பழைய இரும்புக் கடையில் உருக்கப் போயிருக்கும்.” அவன் சொல்வது சரிதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனை) வீடமைப்புக்கும் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபோது, உளியையும் வாளியையும் யார் பத்திரப்படுத்தினார்கள்? கோயிலைக் காப்பாற்றப் போராடினோம், தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றப் போராடினோம், இரண்டும் முக்கியம். சாமான்களைப் பழைய சாமான் வியாபாரிக்கு நாமே எடைக்குப் போட்டோம். அருங்காட்சியகம் பக்கம் எட்டிப் பார்க்காத இளையவர்கள் வெள்ளிக்கிழமை இரவில் இங்கு வந்து குவிகிறார்கள் என்றால், இந்தச் சுவரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதனால் எதையும் கழற்றச் சொல்லவில்லை, கள்ளுக்கடைப் பலகை உட்பட.

நான் கேட்பது சிறிய அட்டைகள். பீருக்கு எழுதுவதைப் போலவே, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் நாலு வரி: இது என்ன, எதற்குப் பயன்பட்டது, எங்கிருந்து வந்தது, புதிதாகச் செய்ததென்றால் அதுவும். தமிழில் எழுதித்தர ஆளா இல்லை? 1956 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இயங்குகிறது; கேட்டால் அங்குள்ள மாணவர்களே ஆர்வத்தோடு எழுதித் தருவார்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தில் வேலை செய்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு எழுதலாம். மேலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை; முதலாளியிடம் பேசுவதாகக் கூறி, மங்கு பற்றி நான் சொன்னவற்றைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டில் மங்கோ உளியோ காண்டா வாளியோ கிடந்து, அதை வியாபாரிக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தால் கொடுங்கள், நல்ல விலை கேளுங்கள். கொடுக்கும் முன் எந்தத் தோட்டம், எந்தக் காலம், யார் கையாண்டது என்று ஒரு தாளில் எழுதி, அடியில் அழுத்தமாக ஒட்டிக் கொடுங்கள். மங்காக இருந்தால் உட்புறம் வேண்டாம், விளக்கு மாட்டினால் கருகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
காஜாங்.