எட்டரை சென்டிமீட்டர் இடைவெளி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியப் பாதுகாப்பு குறித்த தலையங்கம் படித்தேன். ஓராண்டுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. பதுங்குகுழியில் குண்டுகளை எண்ணி எண்ணிச் சுடும் வீரனுக்கு, வராத அந்தப் பாதி உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்கா கைகொடுக்கும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டபின், 2025-இல் ஐரோப்பாவின் பாதுகாப்புக்கென 80,000 கோடி யூரோ வரை திரட்டும் திட்டம் வந்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாடும் தன் தொழிற்சாலைக்கே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தால் பழைய கதைதான். 1954-இல் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கான பொதுப் படை ஒப்பந்தத்தைக் கவிழ்த்ததும் பிரெஞ்சு நாடாளுமன்றமே அல்லவா!

தண்டவாளத்தைப் பாருங்கள். போலந்தில் அகலம் 1,435 மில்லிமீட்டர். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகளில் பெரும்பாலும் ரஷ்ய அளவான 1,520. மேற்கிலிருந்து ரயிலில் வரும் டாங்கிகளை நடுவழியில் வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். போர் வந்தால் அதற்கு அவகாசம் ஏது? இதைச் சரிசெய்யும் ரயில் பால்டிகா பாதைக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். முதல் யூரோ அங்கே செலவாகட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்