கிளியர் அடித்த பிறகும் மாஸ்க்கைக் கழற்றாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் யார் பேச்சையும் கேட்பதில்லை. அக்கா பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது. கீழே கம்பத்தில் வெயில் ஏறிவிட்டது, மலை மேலே மெட்டில் மட்டும் விடிகாலையில் கொஞ்சம் பனி நிற்கிறது.

கட்டப்பனைக்காரர் போன வாரம் ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிரேக் லைனிங் மாற்றத்தான் வந்தார். ஆனால் வண்டி வாசலில் திரும்பும்போதே என் கண்ணில் பட்டது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கிரில்தான். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, உன் கை என்று தெரிந்துவிட்டது. காற்றுப் போகிற திறப்பின், அந்த ஸ்லாட்டின் ஓரத்தை வெட்டியபடியே விடாமல் உள்பக்கமாக மடித்திருக்கிறாய். மூலையில் தகடு கிழியாமல் மடங்கியிருக்கிறது. விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தடவிப் பார்த்தேன். பட்டி வைத்து மேடு பள்ளத்தை மறைத்த இடம் ஒன்றுகூட இல்லை. பெயிண்ட் ஓரத்தில் வழியவும் இல்லை, விட்டுப்போகவும் இல்லை. முதலில் பெயிண்ட் துப்பாக்கியைச் சாய்த்து உள்ளோரங்களுக்கு அடித்துவிட்டு, அப்புறம்தான் கிரில்லின் முகத்துக்கு அடித்திருக்கிறாய். அப்படித்தான் அடிக்க வேண்டும். நம்ம ஊரில் பலபேர் முகத்தை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். குமுளி மழையில் துரு முதலில் பிடிப்பது அந்த உள்ளோரத்தில்தான். கட்டப்பனைக்காரர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு பட்டறைப் பையன்களை உட்கார வைத்து, என் மகள் எப்படி ஓரம் மடிப்பாள் என்று பழைய தகட்டில் செய்து காட்டினேன்.

ஆனால் அவரிடம் தகட்டுக்கும் பெயிண்டுக்கும் ஆன காசை மட்டும்தான் வாங்கினாயாமே. ஜீப் பிரியர்கள், நண்பர்கள் என்று சொல்வாய். நண்பர்கள்தான், சரி. ஆனால் ராத்திரி பகலாக வாட்டர் பேப்பர் தேய்த்த கைக்குக் கூலி உண்டு. ஷெட்டுக்கு வாடகை, கரண்ட் பில், எல்லாம் உன் தலையில்தானே விழுகிறது. முக்கியமாக மாஸ்க்குக்குப் புது கார்ட்ரிட்ஜ் வாங்க அந்தக் காசு வேண்டும்.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மஹிந்திரா தார் ஜீப்புக்கான வலைக்கம்பி மெஷ் கிரில், நிறத்துக்குக் கறுப்பு பேஸ் கோட், அதன் மேல் பளபளப்புக்குக் கடைசி கிளியர். அடித்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. துப்பாக்கி போகும் வேகம், ஒரு வரிசை மேல் அடுத்த வரிசை பாதி ஏறுவது, எல்லாம் சரி. அடித்து முடித்தாய், துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டினாய், உடனே மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு முகத்தைக் கிரில்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பளபளப்பைப் பார்த்தாய். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. அடித்ததும் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில்தான் ஷெட்டுக்குள் அதிகம் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற புகைமூட்டம் கலைந்த பிறகும் பொடித் துளிகள் காற்றில் நிற்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் இழுத்து வெளியே தள்ளும்வரை மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டும் என்றால் மாஸ்க்கோடு பார்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அப்பா வாழ்நாள் முழுக்க மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார், அவருக்கு என்ன ஆயிற்று என்பாய். பாப்பா, நான் அடித்தது வேறு, நீ அடிப்பது வேறு. நாங்கள் அடித்தது என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்டும் சிந்தெடிக் எனாமலும். என்.சி.யில் தின்னர் பறந்தால் காய்ந்துவிடும், எனாமல் காற்றுப் பட்டுக் காயும். அதுவும் கெட்டதுதான், தலை கிறுகிறுக்கும். ஆனால் அதில் ஹார்டனர் கிடையாது. நீ அடிப்பது 2கே, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயிண்ட். அந்தச் சின்ன டப்பாவில் இருக்கிற ஹார்டனரை ஊற்றினால்தான் அது இறுகும், வெயிலையும் பெட்ரோலையும் தாங்கும். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பெயிண்ட் கடைத் தம்பியிடம் டப்பாவின் பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட் என்று போட்டிருக்கிறது, மூச்சுக்கு ஆகாது என்றும் போட்டிருக்கிறது. அதன் வாசனை மூக்குக்குத் தெரிவதற்குள் தேவைக்கு மேல் உள்ளே போயிருக்கும். வாசனை வரவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. தூசிக்குப் போடுகிற வெள்ளை மாஸ்க் அதைத் தடுக்காது. துண்டும் தடுக்காது.

அந்த ஹார்டனர் எல்லோரையும் உடனே படுக்க வைக்காது. பலபேருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் உடம்பு அதை ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். அப்படி ஆகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் போதும், நெஞ்சு இறுகும். வேலை செய்கிற நேரத்தில் இல்லாமல் ராத்திரியில்கூட வரும். லீவில் இருந்தால் சரியாகிவிடும், திரும்ப வேலைக்குப் போனால் திரும்ப வரும். பெயிண்டர் சித்தப்பா மதுரைக்குப் போய் கார் ஷெட்டில் சேர்ந்த பிறகு நடந்ததை நான் மறுபடி எழுத வேண்டாம். கடைசியில் அவர் எப்படி உட்கார்ந்தபடியே தூங்கினார் என்று நீயும் பார்த்திருக்கிறாய்.

மாஸ்க்கைக் கழற்றாதே. ஷெட்டுக்குள் பெயிண்ட் கலக்கும்போதே போட்டுவிடு, துப்பாக்கியைக் கழுவி முடிக்கிறவரை போட்டிரு. கைக்கு நைட்ரைல் கையுறை போடு, ஹார்டனர் தோல் வழியாகவும் இறங்கும். குழாயில் வெளிக்காற்று வருகிற ஏர் லைன் மாஸ்க் வாங்க நான் பணம் போடுகிறேன், அக்காவிடம் கேட்காதே, என்னிடமே கேள். ஆனால் உன் ஷெட்டு கம்ப்ரசர் குழாயை நேராக அதில் மாட்டிவிடாதே. அதில் ஆயில் ஆவி வரும். மூச்சுக்காற்றுக்கு என்றே தனி ஃபில்டர் இருக்கிறது, அதோடு சேர்த்து வாங்கு.

வேறு சில விஷயமும் சொல்ல வேண்டும், மறந்துவிடுவேன். தார் கிரில்லுக்கு மெஷ் ரொம்ப நெருக்கமாக வைத்திருக்கிறாய். பார்க்க அழகு. ஆனால் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏற்றம் ஏறும்போது வண்டி மெதுவாகத்தான் போகும், ஓட்டத்தில் வருகிற காற்று குறைவு, ஃபேன் இழுக்கிற காற்றுதான் ரேடியேட்டருக்கு. கம்பெனி கிரில்லில் எவ்வளவு திறப்பு இருந்ததோ அதற்குக் குறையாமல் வை. சித்ரா பௌர்ணமி அன்று கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் காட்டுக்குள் ஏறும், உனக்குத் தெரியாததா. பானட்டைத் தூக்கிவைத்து நிற்கிற வண்டியில் உன் கிரில் இருக்கக் கூடாது.

குரோம் போட்ட பிளாஸ்டிக் கிரில் வந்தால், குரோம் மேலேயே அடித்துக் கொடுக்கச் சொல்லுவார்கள். தேய்த்து மங்க வைக்காமல் பிரைமர்கூட அடிக்காதே, கொஞ்ச நாளில் தோல் தோலாக உரிந்து வரும். உன் ஷெட் இருக்கிற எர்ணாகுளத்து ஈரக்காற்றில் மழைநாளில் கிளியர் அடிக்காதே. ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளே குமிழ் விடும்.

பழைய ஆர்மி ஜீப் மாதிரி ஆலிவ் பச்சை வேண்டும் என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடு. ராணுவ வண்டியைத் தவிர வேறு வண்டிக்கு அந்த நிறம் அடிக்க நம்ம நாட்டு மோட்டார் வாகன விதியில் அனுமதி இல்லை. வண்டி நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கேரளத்தில் வண்டியில் மாற்றம் செய்வதைக் கடுமையாகப் பார்ப்பார்கள், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த வழக்கே அங்கிருந்து போனதுதான். கிரில்லோடு நிறுத்திக்கொள். முன்னால் இரும்புக் கம்பி கார்டு கேட்டால் செய்யாதே. அந்த மஹிந்திரா ரோக்ஸர் வண்டியை அமெரிக்காவில் விற்கப் போய், தன் ஜீப் மாதிரியே இருக்கிறது என்று ஜீப் கம்பெனி வழக்குப் போட்டு, 2020இல் அதன் முன்பக்கத்தையே மாற்ற வேண்டிவந்தது. முகத்துக்கு அவ்வளவு மதிப்பு. யார் கேட்டாலும் கம்பெனி முத்திரையைப் போலி செய்து ஒட்டிக் கொடுக்காதே, உன் வேலைக்கு உன் பெயர் போதும்.

ஒன்பது ஸ்லாட் கிரில் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். சண்டைக்காலத்து வில்லிஸுக்குத்தான் ஒன்பது. 1945இல் பொதுமக்களுக்கு விற்ற சி.ஜே.2ஏ-யில் ஹெட்லைட்டைப் பெரிதாக்கி ஏழாக்கிவிட்டார்கள். அவர் வண்டி எது என்று சேஸிஸ் நம்பரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு தகட்டை வெட்டு. வெட்டின பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ இப்போது பேசுவதே இல்லையே. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, கொஞ்ச நேரம் கழித்து "வேலையில் இருக்கிறேன் அப்பா" என்று எழுதுகிறாய். அம்மா உனக்கு வேலை அதிகம் என்று நம்புகிறாள். கடைசியாகப் பேசியபோது நீ ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். மாடிப்படி ஏறினேன் என்று சொன்னாய். உன் ஷெட்டுக்கு மாடி கிடையாது, பாப்பா. நான் வந்து பார்த்திருக்கிறேன்.

அத்தான் வீட்டு விசேஷத்துக்கு வந்தபோது முதல் ராத்திரி நீ இருமினாய். அப்புறம் இருந்த நாளெல்லாம் ஒன்றும் இல்லை, பாட்டியோடு மெட்டுவரை நடந்துகூடப் போனாய். திரும்பிப் போய் வேலையைத் தொடங்கியதும் மறுபடியும் போனை எடுப்பது நின்றுவிட்டது. நான் படிக்காதவன்தான், ஆனால் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளாத அளவுக்கு இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டப்பனைக் கிரில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ தகடு வெட்டப் போனபோது ஊரே ஒன்று சொன்னது, நான் ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் டாக்டர் பார்க்கும்வரை 2கே அடிக்காதே. தகடு வெட்டு, மடி, வெல்டு வை, பிரைமர்வரை தேய்த்து வை. அந்தப் பிரைமரிலும் ஹார்டனர் இருந்தால் அதையும் தொடாதே. வந்திருக்கிற ஆர்டருக்குப் பெயிண்ட் மட்டும் சரியான பூத் இருக்கிற ஷெட்டில் கொடுத்து அடித்து வாங்கு, காசு போனால் போகட்டும். நண்பர்கள் என்றால் கொஞ்சநாள் பொறுப்பார்கள். பொறுக்காதவரின் கிரில்லை நான் இங்கே வைத்து முடித்துக் கொடுக்கிறேன்.

தேனி மெடிக்கல் காலேஜில் நெஞ்சு டாக்டரைப் பார்க்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். குழாயில் ஊதிப் பார்க்கிற டெஸ்ட்தான் முதலில் எடுப்பார்களாம், வலி ஒன்றும் இல்லை. எந்த நாளில் என்ன அடித்தாய், எந்த ராத்திரி மூச்சு இறுகியது, லீவு நாளில் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா. கேட்டால் மறந்துபோகும். ஹார்டனர் டப்பாவின் லேபிளை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள், டாக்டரிடம் காட்ட வேண்டும். டப்பாவைக் கொண்டுவராதே. குமுளிவரை பஸ்ஸில் வந்துவிடு, எந்த நேரமானாலும் செக்போஸ்ட் பக்கத்தில் ஜீப்போடு நிற்கிறேன். எந்த பஸ் என்று மட்டும் கூப்பிட்டுச் சொல்லு. நீ பேசினால் போதும், இருமினாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா

வருவதற்குள் ஏதாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் பிரஷ்ஷில் சிந்தெடிக் அடி. துப்பாக்கியைத் தொடாதே.