‘ஒப்ளைஜ்’ என்ற சொல்லின் மறுபாதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாணவர் பக்கத்தில் ‘ஒப்ளைஜ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘உதவி செய், தயவு காட்டு’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். எடுத்துக்காட்டு, லீவ் லெட்டரின் கடைசி வரி: ‘கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் அண்ட் ஒப்ளைஜ்’. கோவில்பட்டியில் 1988 முதல் ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறேன். ரெமிங்டன் மெஷினிலும் பிறகு கம்ப்யூட்டரிலும் இந்த வரியை அடித்து அடித்து விரல் தேய்ந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் போட்டது சரிதான், ஆனால் பாதிதான். இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘லிகாரே’, அதாவது கட்டுதல். மூட்டில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்டும் அதே வேரில் பிறந்ததுதான். சட்டமோ ஒப்பந்தமோ நம்மைக் கட்டினால் அது கடமை. ஒருவர் செய்த உதவி நம்மைக் கட்டினால் அது நன்றிக்கடன். நமக்குச் சாவி, ஜன்னல் என்ற சொற்களைக் கொடுத்த போர்த்துக்கீசிய மொழியில் ஆண்கள் நன்றி சொல்வது ‘ஒப்ரிகாடோ’. இதே குடும்பத்துச் சொல். தமிழும் அப்படித்தான். ‘உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்றால் நன்றி, ‘வரி கட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்றால் கட்டாயம்.

ஆங்கிலத்தில் இதைப் பிரித்தறிவது சுலபம். ‘ஐ ஆம் ஒப்ளைஜ்ட் டு’ என்பதற்குப் பின் ஆள் வந்தால் நன்றி, வினை வந்தால் கடமை. டைப்பிங் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும், மறக்க மாட்டார்கள்.

கடமை என்ற இந்த மறுபாதி ஏன் முக்கியம் என்பதை ஒரு அம்மாதான் எனக்குப் புரிய வைத்தார். மூன்று வருஷத்துக்கு முன் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியிலிருந்து நாலாக மடித்த கோடு போட்ட தாளை எடுத்து நீட்டினார். யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறது. “பையன் மாசம் ஏதோ கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்னு போடுங்க தம்பி” என்றார். ஒத்தாசை இல்லைம்மா, கடமை என்றேன். “கடமைன்னு போட்டா அவன் கோவிச்சுக்கிடுவானே” என்று தாளைத் திரும்ப வாங்கப் பார்த்தார்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. தன் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோரைப் பராமரிப்பதை அதன் 4-ஆம் பிரிவு ‘ஒப்ளிகேஷன்’ என்றே சொல்கிறது. நம் ‘ஒப்ளைஜ்’ குடும்பத்துப் பெயர்ச்சொல் அது. அதைச் சொன்ன பிறகுதான் ‘பராமரிக்கக் கடமைப்பட்டவர்’ என்று அடிக்கவிட்டார். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

தகவல் உரிமைச் சட்ட மனுவிலும் இதே கதைதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுக்குத் தலைப்பே பொது அதிகார அமைப்புகளின் ‘ஒப்ளிகேஷன்ஸ்’. 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக்கூடாது. அவ்வளவு தெளிவாகச் சட்டம் அதிகாரியைக் கட்டியிருக்க, நம் ஆட்கள் ‘ப்ளீஸ் ப்ரொவைட் அண்ட் ஒப்ளைஜ்’ என்று முடிக்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் சம்மதித்தால் அந்தக் கடைசி இரண்டு சொல்லை எடுத்துவிடுவேன். பலர் சம்மதிப்பதில்லை. “மரியாதைக்கு இருக்கட்டும் சார்” என்பார்கள். மரியாதைக்கு ‘பணிவுடன்’ போதும். நமக்குச் சேர வேண்டியதைத் தயவாகக் கேட்கும் பழக்கம் லீவ் லெட்டர் எழுதும் வயதிலேயே கையில் ஏறிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

லீவ் லெட்டரில் அந்தச் சொல் இருக்கட்டும். லீவ் கொடுப்பது ஆசிரியரின் விருப்பம், கேட்பவருக்கு அது தயவுதான். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு நாள் மற்றப் பொருளையும் போடுங்கள். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்: ‘தி ஆஃபீஸ் இஸ் ஒப்ளைஜ்ட் டு ரிப்ளை.’ அலுவலகம் பதில் தரக் கடமைப்பட்டது.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரர்,
கோவில்பட்டி.